இருவரிடமும் தனித்தனியே கேள்

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டமும் கேள்வித்தாளும் வந்து சேர்ந்தன. வடசென்னையில் ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்ளும் ஆண்களையும் அவர்களுடைய மனைவியரையும் சேர்த்தே ஆராயப் போகிறாய் என்பதில் எனக்கு நிறைவு. போதை என்றால் ஆணைப் பற்றி மட்டுமே பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. அவன் வீட்டில் இருப்பவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் உன் கேள்வித்தாளைப் படித்தபோது கவலையும் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஆராய்ச்சி எதற்கு என்று உன் துறையில் யாராவது கேட்டால் மணிப்பூரைச் சொல். 1980களின் இறுதியில் அங்கே ஹெராயின் ஊசியோடு எச்.ஐ.வி.யும் வேகமாகப் பரவியது. ஆய்வாளர் சமிரன் பாண்டாவும் அவருடைய குழுவினரும் அம்மாநிலத்தின் சூராசாந்த்பூரில் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. தொற்றுள்ள, ஊசிப் பழக்கமுள்ள ஆண்களின் மனைவியரைப் பரிசோதித்தார்கள். ஊசியே போட்டுக்கொள்ளாத பெண்கள். அவர்களில் 45 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. பிறகு சென்னையில் 226 தம்பதியரிடம் பாண்டா குழுவினர் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. ஆண்களில் 30 விழுக்காட்டினருக்கும் அவர்களுடைய துணைவியரில் 5 விழுக்காட்டினருக்கும் தொற்று இருந்தது.

உன் முன்னுரையில் 45-ஐயும் 5-ஐயும் அருகருகே வைத்து ‘சென்னையில் ஆபத்து குறைவு’ என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்று. மணிப்பூர்க் கணக்கு தொற்றுள்ள ஆண்களின் மனைவியரை மட்டும் எடுத்துக்கொண்டது; சென்னைக் கணக்கில் தொற்றில்லாத ஆண்களின் மனைவியரும் சேர்த்தி. சென்னை எண்களை வேறு விதமாகப் படிக்க வேண்டும். அங்கே நூற்றுக்கு இருபத்தைந்து தம்பதியரில் கணவனுக்குத் தொற்று இருந்தது, மனைவிக்கு இன்னும் வரவில்லை. அத்தனை பெண்களைக் காப்பாற்ற அவகாசம் இருந்தது என்று அந்த எண் சொல்கிறது. உன் ஆய்வுக்கான நியாயமே அதில்தான் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘கணவன் மனைவி பதில்கள் பொருந்தாத தம்பதியரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். நீக்கிவிடாதே. ஆணுறை போடுகிறேன் என்பான் கணவன். ஒருநாளும் இல்லை என்பாள் மனைவி. ஊசியை விட்டு ஆறு மாதம் ஆகிறது என்று அவள் சொல்லும் அதே வாரத்தில், நேற்றுகூடப் போட்டேன் என்று அவன் சொல்வான். போதை சிகிச்சை மையத்தில் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒப்பிக்கிறான். குடும்ப மானத்தை அவள் காக்கிறாள், அல்லது உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நீ பஞ்சாயத்துக்குப் போகவில்லை. ஒரே பாயில் படுப்பவர்களுக்குள் எது தெரியும், எது தெரியாது, எதைப் பேச முடிகிறது, எதை முடியவில்லை என்பதுதான் நீ தேடிப்போகும் விஷயம். அந்தப் பொருந்தாத பதில்களை எறிந்துவிட்டால் உன் கையில் மிஞ்சுவது அவர்கள் உனக்காகப் போட்ட வேஷம்தான்.

அந்த வேறுபாட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கொண்டுபோகவும் கூடாது. நான் அறிந்த ஓர் ஆய்வில், எந்த நிறுவனம் என்பது வேண்டாம், களப்பணிக்கு வந்த ஒரு பையன் படிவத்தைச் சரிபார்க்கும் எண்ணத்தில் ஒரு பெண்ணிடம், “உங்க வீட்டுக்காரர் ஆணுறை போடுறதா சொன்னாரே அக்கா?” என்று கேட்டுவிட்டான். கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பெண் பதில் சொல்லாமல் எழுந்து போனாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். தான் சொன்னது பொய் என்று அவள் காட்டிக்கொடுத்துவிட்டதாகக் கணவன் நினைத்துக்கொண்டான். அதன்பின் அந்தக் குடியிருப்பில் ஒரு பெண்ணும் அந்தக் குழுவோடு பேசவில்லை.

பெண்கள் மீதான வன்முறையை ஆராய்வோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டுமே வன்முறை பற்றிக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். நீயோ இருவரிடமும் பேசப்போகிறாய். எனவே அடி, உதை, கட்டாயப்படுத்தல் பற்றிய கேள்விகளை மனைவியின் தாளில் மட்டும் வை. கணவனின் தாளிலிருந்து முழுதாக எடுத்துவிடு. அவளிடம் கேட்டிருப்பாய் என்று அவன் ஊகிக்கவே இடம் இருக்கக் கூடாது. அவள் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஒப்புதல் தாளின் தலைப்பில் எச்.ஐ.வி., போதை என்ற சொற்கள் வேண்டாம். ‘குடும்ப நல ஆய்வு’ போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவளிடம் ஒளிக்காமல் வாயால் சொல். பேட்டியை வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் நடத்தாதே. வாசலில் மாமியார் இருப்பார், பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு நிற்பாள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் மதியம் திரும்பும் நேரத்தில், வேறு காரணத்துக்கும் அவர்கள் வந்துபோகும் ஓர் இடத்தில் வைத்துக்கொள்.

ஆணுறைக் கேள்விகளைப் பற்றி. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தோடு அது முடிந்துவிடுகிறது. பிறகு ஆணுறை வீட்டுக்குள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ எங்கோ போய்வந்திருக்கிறார்கள். மனைவி எடுத்துக்கொடுத்தால் “எதுக்கு இது, எவன்கிட்ட போன?” என்ற கேள்வி வரும். ‘ஏன் பயன்படுத்தவில்லை?’ என்று நீ கேட்கும்போது அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய். ‘அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும்?’ என்று கேள். அவள் சொல்வாள்.

இன்னொன்றை உன் தாளில் காணோம். ஹெராயின் பவுடரோ, இப்போது தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்களே அந்த வலி மாத்திரையோ, பலருக்கு உடலாசையை அடக்கிவிடும். மையத்தில் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரைக்கு மாறியபின், அல்லது பழக்கத்தை விட்டபின், ஆசை திரும்பிவரும். குடும்பமே நிம்மதியாக மூச்சுவிடும் அந்த நாட்களில்தான் மனைவிக்கு ஆபத்து கூடுகிறது. தாமே போதை எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய் தவறிப்போவதால் கர்ப்பத்தைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. அப்படிப்பட்ட பெண்களும் உன் ஆய்வில் வருவார்கள். தம்பதியர் ஒரே ஊசியைப் பகிரும் வீட்டில், முதலில் ஏற்றிக்கொள்வது யார் என்று கேட்க மறக்காதே. பெரும்பாலும் அவள் இரண்டாவது.

போதை கிடைக்காமல் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, கொட்டாவி விட்டபடி, வியர்த்து உட்கார்ந்திருப்பவனிடம் ஒப்புதல் வாங்காதே. மருந்து ஏறிச் சொக்கிப்போனவனிடமும் கூடாது. இன்னொரு நாள் வரச்சொல். பேட்டிக்கு வருவதற்கான பேருந்துப் பணத்தை ஒரே நாளில் இருவர் கையிலும் கொடுத்தால் அவளுடையதும் அவன் சட்டைப்பைக்குப் போய்விடும். நாளையும் நேரத்தையும் பிரித்துவை.

எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு உன்னிடம் இருக்கும். கணவனுக்குத் தொற்று இருப்பது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அவள் உனக்கு டீ வாங்கிக்கொடுப்பாள். உன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவளிடம் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், துணையிடம் தெரிவிக்கும் அதிகாரத்தை மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தருகிறது. அதுவும் தொற்றுள்ளவரைச் சொல்லவைக்க முயன்று, அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியானபின், முன்கூட்டியே அவரிடம் தெரிவித்துவிட்டுத்தான். எனவே முதல் பேட்டிக்கு முன்பே எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரோடு பேசி, யார், எப்போது, எப்படி என்று எழுதி வைத்துக்கொள். சொல்லத் தயங்கும் கணவனிடம் ஆலோசகர் எடுத்துச்சொல்ல வலுவான செய்தி இருக்கிறது. ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்கு இல்லாமலும் இருந்த 1,763 தம்பதியரிடம் ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. அதில் சென்னையும் ஓர் இடம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைந்தது. அவன் மாத்திரை சாப்பிடுவது அவளுக்கும் காவல்.

கேள்வித்தாளில் என் திருத்தங்களைப் பென்சிலில் குறித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மனைவியின் தாளில் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். அங்கே 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அச்சிட நினைத்தால் வேண்டாம், அந்தக் காகிதம் வீட்டில் யார் கண்ணிலும் படலாம். இரண்டையும் அவள் மனப்பாடமாகச் சொல்லும்வரை கூடவே இருந்துவிட்டு அனுப்பு. ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் வந்ததும் எனக்கு எழுது. முதல் வாரக் களப்பணிக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை