சின்னம்மைத் தடுப்பூசி: ஃப்ரிட்ஜில் வைத்தால் போதுமா?

மாசி, பங்குனி பிறந்தால் தஞ்சை வட்டாரத்தில் வேப்பிலை செருகிய வாசல்கள் கண்ணில் படும். புன்னைநல்லூர் மாரியம்மனுக்கும் வலங்கைமான் மகாமாரியம்மனுக்கும் வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள், இப்போது பிள்ளைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசியும் போடுகின்றன. ஆனால் இது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அரசுத் தடுப்பூசிகளுக்கு ஐ.எல்.ஆர். என்ற தனிக் குளிர்பெட்டி, வெப்பம் பட்டால் நிறம் மாறும் குறி ஒட்டிய குப்பி, இருப்பையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் ‘இ-வின்’ என்று காவல் பலமாக உண்டு. சின்னம்மை ஊசிக்கோ கிளினிக்கின் ஃப்ரிட்ஜும் அங்கே வேலை பார்ப்பவர்களும்தான் காவல். அந்தக் காவலில் ஓட்டை போடும் சில எண்ணங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை: மருந்து கெட்டுப்போனால் பார்த்தாலே தெரியும்.

உண்மை: தெரியாது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகாஹாஷி 1970-களில் வீரியம் குறைத்து உருவாக்கிய ‘ஓக்கா’ வகை வைரஸ்தான் உலகில் பெரும்பாலான சின்னம்மைத் தடுப்பூசிகளுக்கு மூலம். குப்பியில் பொடியாக இருப்பது உயிருள்ள வைரஸ். வெப்பத்தில் அது செத்தாலும் பொடி அப்படியேதான் இருக்கும். மறுபடி குளிரவைத்தால் பிழைக்கவும் பிழைக்காது. சூடு பட்ட விதைநெல்லும் பார்வைக்கு நல்ல நெல்தான். அதையாவது ஈரச்சாக்கில் கட்டிவைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிடலாம். தடுப்பூசிக்கு அந்த வழியும் இல்லை.

நம்பிக்கை: ஃப்ரிட்ஜுக்குள் எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

உண்மை: இந்தியாவில் புழங்கும் வேரில்ரிக்ஸ் போன்ற மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். கதவுத் தட்டில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறும். நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல், அட்டைப்பெட்டியோடு வைப்பதே சரி. வெளிச்சமும் இதற்கு ஆகாது. காய்கறித் தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் வெப்பநிலை சட்டென்று ஏறி இறங்காது. அதே ஃப்ரிட்ஜில் ஊழியர்களின் மோர்ப் பாட்டிலும் மல்லிகைப்பூவும் இருந்தால், கதவு நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கும்.

நம்பிக்கை: ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் பத்திரம்.

உண்மை: அமெரிக்காவில் வேரிவேக்ஸ் என்ற சின்னம்மைத் தடுப்பூசியை மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே உறைநிலையில் வைப்பது வழக்கம். அதைக் கேள்விப்பட்டு இங்கே எல்லாவற்றையும் ஃப்ரீசருக்குள் தள்ளக் கூடாது. பொடியோடு கலக்கத் தரும் திரவம் உறையவே கூடாது. பக்கத்தில் இருக்கும் ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட் ஊசிகள் உறைந்தால் வீணாகிவிடும். எந்த மருந்துக்கு எந்தக் குளிர் என்பதை அதன் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நம்பிக்கை: கரண்ட் போனால் அவ்வப்போது திறந்து, சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: திறக்கத் திறக்கக் குளிர் போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. சில கிராமங்களில் வாரக்கணக்கு. ஐ.எல்.ஆர். பெட்டி கரண்ட் இல்லாமலும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஐப்பசி பிறக்கும் முன்பே, ஜெனரேட்டரோடு நல்ல குளிர்பெட்டியும் இருக்கும் மருத்துவமனை ஒன்றிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கொண்டுபோக வேக்சின் கேரியரும் ஐஸ்பேக்கும் தேவை. ஐஸ்பேக்கை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை வெளியே வைத்திருந்து பிறகே கேரியருக்குள் அடுக்க வேண்டும்.

நம்பிக்கை: மெடிக்கலில் வாங்கி வந்து கொடுத்தால் டாக்டர் போட்டுவிடுவார்.

உண்மை: கும்பகோணத்தில் வாங்கி, பாலித்தீன் பையில் இரண்டு ஐஸ்கட்டியோடு, சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸில் வரும் குப்பி எத்தனை டிகிரியைத் தாண்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தை வரவழைத்து வைத்திருக்கும் இடத்திலேயே ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: கூட வந்த திரவம் உடைந்தால் வேறு சுத்தமான தண்ணீரில் கலக்கலாம், கலந்ததைச் சாயங்காலம் வரை வைத்திருக்கலாம்.

உண்மை: அந்தக் குப்பிக்கு அந்தத் திரவம்தான். 2018 ஜூலையில் சமோவா நாட்டின் சவாயி தீவில், தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். பொடியில் தண்ணீருக்குப் பதிலாகத் தசை தளர்த்தும் மயக்க மருந்தைக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசிப் பணி மாதக்கணக்கில் நின்றது, மக்களின் நம்பிக்கையும் போயிற்று. 2019 இறுதியில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள். சின்னம்மை மருந்தைக் கலந்தவுடன் போட்டுவிட வேண்டும். வேரிவேக்ஸுக்கு 30 நிமிடம்தான் கெடு. தோலில் தடவிய ஸ்பிரிட் காய்ந்த பிறகே ஊசி இறங்க வேண்டும்; ஈரமாக இருந்தால் அது வைரஸைக் கொன்றுவிடும்.

நம்பிக்கை: வீரியம் போன மருந்தைப் போட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

உண்மை: பாதுகாப்பு இல்லாமலே அட்டையில் ‘போட்டாச்சு’ என்று பதிந்துவிடுகிறது. பிறகு அம்மை வந்தால், “ஊசி போட்டும் வந்துடுச்சே” என்று ஊரே தடுப்பூசியைக் குறை சொல்லும். ஒழுங்காகப் பாதுகாத்த ஊசிக்குப் பிறகும் சிலருக்கு லேசாக அம்மை வருவதுண்டு. அதனால்தான் இரண்டு தவணை. வந்த அம்மை மருந்து கெட்டதாலா, இல்லை இந்த வகையா என்று பிரித்தறிய, கிளினிக்கில் வெப்பநிலை நோட்டு இருக்க வேண்டும். காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுவது ஒரு நிமிட வேலை. அளவு மீறியிருந்தால் அந்தக் குப்பிகளை ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதி, குளிரிலேயே தனியாக வைத்து, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று குறித்து, தயாரித்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

காசு கொடுத்துப் போடும் பெற்றோர் அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. அக்னி நட்சத்திர நாட்களிலும் ஒரே மையில் வரிசையாக ‘4 டிகிரி’ என்றே எழுதியிருந்தால், வேறு கிளினிக்கைப் பாருங்கள்.