மொழி வரைந்த கோடு

பெல்ஜியம் ஐரோப்பாவின் வடமேற்கில் அமைந்த சிறிய நாடு. ஏறத்தாழ 30,500 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இந்நாட்டைத் தொடர்வண்டியில் சில மணி நேரத்தில் கடந்துவிடலாம். அப்பயணத்தின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டியதும் வண்டியில் ஒலிக்கும் அறிவிப்பின் மொழி மாறிவிடும். வழிகாட்டிப் பலகையில் 'லூயிக்' என்றிருந்த ஊரே 'லியேஜ்' ஆகிவிடும். வடக்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியில் டச்சு மொழியும், தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு மொழியும் வழங்குகின்றன. கிழக்கோரத்துச் சிறுபகுதி ஒன்றில் ஜெர்மன் பேசுவோரும் உள்ளனர். இதனை இருமொழி நாடு என்பது வழக்கம். எனினும் நாட்டுக்குத்தான் இரு மொழிகள், ஊருக்கு ஒன்றே. இரண்டையும் சமமாக ஏற்ற பகுதி தலைநகர் பிரஸ்ஸல்ஸ் மட்டுமே.

பெரும்பான்மையோர் மொழியின் தாழ்நிலை

1830இல் பெல்ஜியம் விடுதலை பெற்றபோது மக்களுள் பெரும்பான்மையோர் டச்சு மொழியின் வட்டார வழக்குகளையே பேசினர். ஆனால் ஆட்சி, நீதி, படை, உயர்கல்வி ஆகிய அனைத்தும் பிரெஞ்சு மொழியிலேயே நடந்தன. ஃபிளாண்டர்சின் செல்வக் குடியினரும் பிரெஞ்சு பேசுவதையே பெருமையாகக் கருதினர். ஆகவே இது இரு பகுதிகளுக்கு இடையிலான பூசல் மட்டுமன்று. மேலோர்க்கும் உழைப்போர்க்கும் இடையிலான பூசலுமாகும்.

1860இல் ஃபிளெமிஷ் உழைப்பாளர் இருவர் கொலைக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள்மீதான வழக்கு பிரெஞ்சு மொழியில் நடந்தது. தமக்குப் புரியாத மொழியில் தீர்ப்புக் கேட்டு அவர்கள் மாண்டனர் என்ற செய்தி ஊரெங்கும் பரவி மக்கள் மனத்தைச் சுட்டது. 1873இல் ஃபிளாண்டர்சின் குற்றவியல் நீதிமன்றங்களில் டச்சு மொழி இடம்பெற்றது. 1898இல் சட்டங்களின் மொழியாக அது பிரெஞ்சுக்கு இணையான தகுதி பெற்றது. 1831இல் இயற்றப்பட்ட அரசமைப்பின் டச்சு வடிவம் சட்டத்தகுதி அடைந்ததோ 1967இல்தான். ஒரு நாட்டின் பெரும்பான்மையோர் தம் அடிப்படைச் சட்டத்தைத் தம் மொழியில் பெற 136 ஆண்டுகள் காத்திருந்தனர்!

கோடு வரையப்படுதல்

எந்த ஊருக்கு எம்மொழி என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே தீர்மானித்து வந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றிப் பிரெஞ்சு பரவப் பரவ, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் டச்சு மொழி தன் ஊர்களை இழந்தது. ஃபிளெமிஷ் நகரத் தலைவர்கள் பலர் கணக்கெடுக்க மறுத்தனர். 1961இல் மொழி குறித்த வினாவே நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மொழி எல்லை சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. மக்களின் பேச்சு எவ்வாறு மாறினும் கோடு இனி நகராது.

அக்கோட்டின் கூர்மையை லூவன் பல்கலைக்கழகம் உணர்ந்தது. டச்சு நிலத்தில் இருந்த அப்பழம்பெரும் நிறுவனத்தில் இரு மொழிகளிலும் கல்வி கற்பிக்கப்பட்டது. பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டும் என்ற மாணவர் கிளர்ச்சியால் 1968இல் அரசே கவிழ்ந்தது, பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பிரிவுக்கென, 30 கி.மீ.க்கும் குறைவான தொலைவில், எல்லைக்கு அப்பால் ஒரு புதிய நகரமே எழுப்பப்பட்டது. உலகப்போர்களின்போது 1914, 1940 ஆகிய ஆண்டுகளில் தீக்கிரையாகி, இருமுறையும் மீண்டெழுந்த நூலகம் அப்பல்கலைக்கழகத்தினுடையது. அதன் நூல்களையும் பங்கிட்டனர்: ஒற்றைப்படை எண்ணுடையவை ஒருவர்க்கு, இரட்டைப்படை எண்ணுடையவை மற்றவர்க்கு. பகைவர் தீயிட்ட நூலகத்தை உடன்பிறந்தோர் எண்ணிப் பிரித்த காட்சி அது.

பிரிந்தும் சேர்ந்தும்

பெருங்கட்சிகளும் பத்தாண்டுகளுக்குள் மொழிவழி இரண்டாயின. 1993இல் நாடு கூட்டாட்சியாயிற்று. தலைமை அமைச்சர் நீங்கலாக, அமைச்சரவையில் இருமொழியினரும் சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. இத்தகைய ஏற்பாடுகளால் பூசல் ஆயுதப்போராக முற்றவில்லை. இஃது எளிய வெற்றியன்று. ஆயினும் அதற்கொரு விலை உண்டு. கெண்ட் நகரில் வாழும் ஒருவர், தம்மை ஆளும் பிரெஞ்சுமொழி அமைச்சரின் கட்சிக்கு வாக்களிக்கவோ அதனைத் தோற்கடிக்கவோ இயலாது. லியேஜ் நகரத்தார்க்கும் இதே நிலைதான். ஆள்வோரில் ஒரு பாதியினர், வாக்காளரில் ஒரு பாதியினர்க்கு விடைசொல்ல வேண்டியதில்லை.

தேர்தலில் மோதியவர்கள் பின்னர் மேசையில் அமர்ந்து பேசித் தீர்ப்பதே அந்நாட்டின் அரசியல் பண்பாடு. அப்பேச்சு நீளும். 2010 ஜூன் தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைய 541 நாள்கள் ஆயின. அதுவரை பழைய அரசே அன்றாடப் பணிகளைக் கவனித்தது. பள்ளிகளும் தொடர்வண்டிகளும் இயங்கின. இழுபறிக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று, பிரஸ்ஸல்சையும் அதைச் சூழ்ந்த டச்சுமொழி ஊர்களையும் இணைத்திருந்த ஒரு தேர்தல் தொகுதி. கோட்டுக்கு இப்பால் குடியிருந்த பிரெஞ்சு மொழியினர் பிரெஞ்சுக் கட்சிகளுக்கு வாக்களிக்க அத்தொகுதி வழிசெய்தது. அதனைப் பிரிக்க வேண்டுமென ஃபிளெமிஷ் கட்சிகள் வற்புறுத்தின. 2012இல் தொகுதி பிரிக்கப்பட்டது. எனினும் தலைநகரை ஒட்டிய 6 ஊர்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அங்குள்ள வாக்காளர், தம் பகுதியின் பட்டியலுக்கோ பிரஸ்ஸல்ஸ் பட்டியலுக்கோ, தாம் விரும்பியவாறு வாக்களிக்கலாம்.