மருந்தும் உடலின் காவலும்



ஒரே புழு, ஒரே மருந்து. ஒருவருக்கு ஒருநாட் குளிசையுடன் சுகம் கிடைக்கிறது. இன்னொருவரோ நாட்கணக்காக உட்கொண்டும் உயிருக்குப் போராடுகிறார். இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாவது அவரவர் நிர்ப்பீடனம், அதாவது நோயை எதிர்த்து உடல் தன்னைத் தானே காக்கும் சக்தி.

ஸ்ரொங்கிலோயிடீஸ் என்னும் நுண்ணிய குடற்புழுவைப் பாருங்கள். மலத்தால் அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து இது உட்புகுகிறது. இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, பின்னர் குடலிற் குடியேறுகிறது. இதன் குஞ்சுகளிற் சில வெளியேறாமல் அதே உடலினுள் மீண்டும் புகுந்து வளர்கின்றன. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில்பாதை வேலையில் வதைபட்ட போர்க்கைதிகள் சிலரிடம், முப்பது ஆண்டுகளின் பின்பும் இப்புழு காணப்பட்டது.

இத்தகையோரில் புழுவின் தொகையை மட்டுப்படுத்தி வைப்பது உடலின் காவலே. தொய்வு, மூட்டுவாதம் முதலியவற்றுக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரெரோயிட் மருந்துகள் அக்காவலைத் தளர்த்துகின்றன. அப்போது புழுக்கள் கட்டின்றிப் பெருகிக் குடலைத் துளைத்து, அங்குள்ள பற்றீரியாக்களையும் இரத்தத்தினுள் கொண்டு செல்லக்கூடும். உயிராபத்து நேர்வது இவ்வாறே.

வழக்கமாக ஐவர்மெக்ரின் மருந்தை உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 200 மைக்ரோகிராம் வீதம் ஓரிரு நாட்கள் கொடுப்பர். காவல் தளர்ந்து புழு பெருகியவருக்கோ, மலத்திலும் சளியிலும் அது காணப்படாத நிலை இரண்டு வாரங்கள் நீடிக்கும்வரை நாள்தோறும் கொடுக்க வேண்டியுள்ளது. உடலின் உதவி குறைய, மருந்தின் சுமை கூடுகிறது.

ஆகவே, பெற்றோரே, மூன்று காரியங்களை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, நமக்குச் சுகம் தந்த ஸ்ரெரோயிட் குளிசையை அயலவருக்குக் கொடுப்பது அன்பாகத் தோன்றினும், அது அவருக்குத் தீங்காக முடியலாம். இரண்டாவது, இம்மருந்தை நெடுநாள் உட்கொள்ளத் தொடங்குமுன், வெறுங்காலுடன் தோட்டத்திலும் வயலிலும் உழைத்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒருமுறை செய்யும் மலப் பரிசோதனைக்கு இப்புழு தப்பிவிடுவதுண்டு. மூன்றாவது, ஏற்கெனவே உட்கொள்பவர் பயந்து அதைத் திடீரென நிறுத்தலாகாது, அதுவும் ஆபத்தே.

உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை. அதைக் காக்க முயலும் வைத்தியரிடம் உள்ளதை மறையாது சொல்வது நமது கடமை.