உடற்பயிற்சியும் உளநலமும்

உடல் நலமும் உள நலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. இதனை நன்கு உணர்ந்தே திருமூலர் உடம்பைப் பேணுதலை ஞானநெறிக்குரிய கடனாகக் கொண்டார். இக்காலத்து மாணவரோ காலையிற் பள்ளியிலும், மாலையில் தனியார் வகுப்பிலும், இரவிற் கைத்தொலைபேசியின் முன்னுமாக அமர்ந்தே நாளைக் கழிக்கின்றனர். “பரீட்சை முடியட்டும், பின்னர் விளையாடலாம்” என்பர் பெற்றோரும். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் ஊழியரை ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்தார். சாரதி வேலைநேரம் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துனரோ மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்கு 500க்கு மேற்பட்ட படிகள் ஏறுபவர். இருவரும் செல்வது ஒரே வண்டியில். ஆயினும், நடத்துனரிடையே இருதயநோய் குறைவு என்பது 1953ஆம் ஆண்டு வெளியாயிற்று. அத்தகைய வண்டிகள் பின்னர் இலண்டனிலிருந்து கொழும்புக்கும் வந்தன. மூத்த பழைய மாணவர் பலர் அவற்றிற் பயணஞ் செய்திருப்பர்.

சாரதிகள் தொடக்கத்திலேயே பருத்த உடலினராய் இருந்திருக்கலாமன்றோ என்னும் ஐயம் எழும். மொறிஸ் அதனையும் விட்டாரல்லர். சீருடை அளவுகளை ஆராய்ந்து, சாரதிகளின் இடைச்சுற்றளவு முதலிலேயே பெரிதாயிருந்தமையை 1956இல் அவரே வெளியிட்டார். அதன்பின் ஒரே தரத்து அரசாங்க அலுவலரை ஆராய்ந்தார். ஓய்வுநேரத்தில் ஊக்கத்துடன் உடலை உழைப்பித்தோர்க்கு அந்நோய் குறைவென்பது 1973இல் தெளிவாயிற்று. உண்மையை நாடுவோர் தம் முடிவையே ஐயுற்று ஆராய்தல் வேண்டும் என்னும் பாடமும் இதன்கண் உண்டு.

பயிற்சியால் இருதயம் வலுப்பெறுகின்றது. ஒரு துடிப்பில் மிகுதியான குருதியைச் செலுத்துகின்றது. உழைக்குந் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. நீரிழிவு இளவயதிலேயே தோன்றும் நம்மவர்க்கு இது பெரும் பேறன்றோ? மேலும், உறக்கம் நன்கு அமைகின்றது, மனக்கலக்கம் தணிகின்றது.

அறிவுக்கும் இதனாற் பயனுண்டு. அமெரிக்காவில் 120 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் விரைந்து நடக்கச் செய்தனர். ஓராண்டின் பின் அவர்தம் மூளையில் நினைவுக்குரிய பகுதியொன்று ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்திருந்தமையை 2011இல் வெளியிட்டனர். நடவாதோர்க்கு அப்பகுதி சற்றுச் சுருங்கிற்று.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, அவ்விழா வரலாற்றில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டினார். அவரே பின்னர்க் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மைதானம் கல்விக்குப் பகையன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

“நெருங்கிய வீடுகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் உள்ள ஜிந்துப்பிட்டியில் விளையாட இடம் ஏது?” என வினவுவாரும் உளர். இலண்டன் நடத்துனர்க்கு மைதானம் இருந்ததோ? படிக்கட்டே அவர்க்கு மைதானமாயிற்று. நம் தொடர்மாடிகளிலும் படிகள் உள. ஒரு பாய் விரிக்கும் இடத்திற் சூரிய நமஸ்காரம் செய்யலாம், கயிறு துள்ளலாம். ஞாயிறு தோறும், 1859இல் நடைபாதை அமைந்து முடிந்த காலிமுகத்திடலிற் கடற்காற்று வாங்கி நடக்கலாம்.

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும், சிறுவர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும் உடலை உழைப்பித்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. நெடுங்காலம் பயிற்சியின்றி இருந்த பழைய மாணவர், நோயுடையராயின், மருத்துவரை வினவிச் சிறிது சிறிதாகத் தொடங்குவாராக.

மாணவ மணிகாள்! பரீட்சை முடியுமட்டும் உணவையும் உறக்கத்தையும் ஒத்திவைப்பார் உண்டோ? பயிற்சியும் அத்தகையதே. ஒருநாட் பெரிதாகச் செய்து மறுநாள் விடுவதினும், நாடோறும் சிறிது செய்தலே சிறப்பு. இன்று மாலையே தொடங்குமின்.