சிறைவாசலுக்கு வெளியே: சிங்கப்பூரில் கண்ட வழிகள்

சிங்கப்பூருக்குச் சென்றுவரும் தோட்ட மக்கள் சிராங்கூன் சாலையைக் காணாமல் திரும்புவதில்லை. வீரமாகாளியம்மன் கோயிலையும் சீனிவாசப் பெருமாள் கோயிலையும் வணங்கி, துணிக்கடை நகைக்கடை பார்த்து வருகின்றனர். ஆயின் அச்சாலையில் ஒருகாலத்தில் அரசாங்கச் செங்கற்சூளைகள் இருந்தன என்பதையும், அவற்றில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே. தண்டனை பெற்ற மனிதனை எங்கே வைப்பது, அவன் மீண்டு வரும்போது எவ்வாறு ஏற்பது என்னும் வினாவை ஆராய விரும்பும் நாம் அச்சூளைகளிலிருந்தே தொடங்குவோம்.

1825 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சுமத்திராவிலுள்ள பென்கூலனிலிருந்து முதற் கைதிகள் சிங்கப்பூரில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். மதராஸ் மாகாணத்தினர் அவர்களுள் இருந்தனர். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் காடு வெட்டியதும், சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், சாலை போட்டதும் கைதிகளின் கரங்களே. 1862 இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்களது உழைப்பில் எழுந்தது. அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சாந்து அது. நம் முன்னோரின் கைத்திறனை அறிய விரும்புவோர் அந்தச் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

நம் கவனத்திற்கு உரியது கட்டடம் மட்டுமன்று. அக்கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். புதிதாக வந்தவன் காலில் விலங்குடன் கடுவேலை செய்தான். ஒழுங்காக நடந்துகொள்ளக் கொள்ள விலங்கு நீங்கியது, வேலையும் எளிதாயிற்று. முதல் வகுப்பை எட்டியவன் அனுமதிச் சீட்டுப் பெற்றுச் சிறைக்கு வெளியே தங்கித் தன் சொந்த உழைப்பில் வாழலாம். கைதிகளை மேற்பார்த்தவர்களும் பெரும்பாலும் கைதிகளே. அவர்களுக்கு வழங்கிய பட்டங்களுள் ஒன்று ‘தண்டல்’. இச்சொல் தோட்டத்தாருக்குப் புதிதன்று!

இம்முறை கருணையால் மட்டும் பிறந்ததென்று நாம் கூறமாட்டோம். கூலியற்ற உழைப்பு கும்பினியாருக்கு இலாபமாக இருந்தது. கைதிகள் பலரின் நெற்றியில் பச்சை குத்தப்பட்டிருந்தது. பிறந்த ஊரை மீண்டும் காணாதவர் எண்ணற்றோர். ஆயினும் மேலே ஏறுவதற்கு ஒரு படி, கையில் ஒரு தொழில், முடிவில் ஓர் இருப்பிடம் ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கிடைத்தன. 1873 இல் கைதிகளின் சிறை மூடப்பட்டபோது, விடுதலை பெற்றவருள் பலர் அங்கேயே தங்கி மாடு வளர்த்தனர், பால் விற்றனர், வண்டி ஓட்டினர், சாலைக் குத்தகை எடுத்தனர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இதே எண்ணம் மற்றொரு வடிவம் கொண்டது. 1959 இல் சிங்கப்பூரில் அமைந்த சிறை விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சி. வி. தேவன் நாயர். மலாக்காவில் ரப்பர்த் தோட்டக் கிராணி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆங்கிலேயராட்சியில் தாமே தடுப்புக் காவலில் இருந்தவர். 1981 இல் சிங்கப்பூரின் அதிபரானவர். அக்காலத்தில், 1960 இல், பூலாவ் செனாங் என்னும் தீவில் மதிலற்ற குடியிருப்பு ஒன்று தொடங்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட குண்டர் கும்பலினர் அங்கே காட்டைத் திருத்தி வீடும் சாலையும் அமைத்தனர். முதலில் எல்லோரும் வியந்து பாராட்டினர். ஆனால் 1963 ஜூலை 12 ஆம் நாள் கலகம் மூண்டது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அதிகாரிகள் மூவரும் கொல்லப்பட்டனர்; குடியிருப்பு எரிந்தது. 1965 இல் பதினெட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர்.

உழைப்பு மனிதனைத் திருத்தும் என்பது பொய்த்ததா? நாம் அவ்வாறு கருதவில்லை. அங்கிருந்தவர்கள் தீர்ப்புப் பெற்றவர்கள் அல்லர். என்று வெளியேறுவோம் என்ற உறுதியான நாளும் அவர்களுக்கு இல்லை. பால்மரம் வெட்டுவோன் கூட, இத்தனை மரம் முடித்தால் வீடு திரும்பலாம் என்ற கணக்கோடுதான் கத்தியை எடுக்கிறான். அக்கணக்கு இல்லாத உழைப்பு வெறுப்பையே விளைக்கும்.

பின்னர் வந்த திட்டங்கள் கடலுக்கு அப்பால் போகாமல் ஊருக்குள்ளேயே அமைந்தன. கைதிகளுக்குத் தொழிலும் வேலையும் தேடித்தர 1976 இல் ஒரு கழகம் நிறுவப்பட்டது. 2020 முதல் அது ‘மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர்’ என்ற பெயரில் இயங்குகிறது. 2000 இல் வீட்டுக்காவல் முறை வந்தது. தண்டனையின் இறுதிப் பகுதியில் இருப்பவர் மின்னணுப் பட்டையை அணிந்துகொண்டு, பகலில் வேலைக்குப் போய்க் குறித்த நேரத்தில் வீடு திரும்ப வேண்டும். 2011 முதல், சில சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூகத் தொண்டு, நாள்தோறும் ஆஜராதல், மனநோய்க்குக் கட்டாயச் சிகிச்சை போன்றவற்றை நீதிமன்றம் விதிக்கலாம். இந்து அறக்கட்டளை வாரியமும், விடுதலைக்கு முந்தைய காலத்தில் தங்குவதற்கான இடைநிலை இல்லமாக ஓர் ஆசிரமத்தை நடத்தியிருக்கிறது. கோயிற்பணம் இவ்வாறு செலவாவதைக் குறை கூறுவோர் உளரேல், அவர்களோடு நாம் உடன்படோம்.

பலன் என்ன? 1998 இல் சிங்கப்பூரில் விடுதலையானவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இரண்டாண்டுக்குள் மீண்டும் சிறை புகுந்தனர். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 20 ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டாண்டு என்பது குறுகிய காலம். ஐந்தாண்டுக் கணக்கெடுத்தால் தொகை கூடவே செய்யும். போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களின் நிலை இன்னும் கடினமானது.

அதிகாரிகள் செய்யக்கூடியது ஓரளவே. வேலை கேட்டு வருபவனிடம் ‘முன்பு தண்டனை பெற்றதுண்டா?’ என்று கேட்கப்படும் இடத்தில்தான் பலர் இடறி விழுகின்றனர். இதற்காகச் சிங்கப்பூர் 2005 இல் சட்டத்தைத் திருத்தியது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், ஐந்தாண்டு குற்றமின்றி வாழ்ந்தால் அப்பதிவு காலாவதியாகும். அக்கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்று விடையளிக்கலாம். கொடுங்குற்றங்கள் இதில் அடங்கா. லயத்தில் இத்தகைய சட்டம் ஏது? பத்தாண்டுக்கு முன் நடந்ததைக் குழாயடியில் இன்றும் பேசுகிறோம். தந்தை சிறை சென்றதைச் சொல்லி அவன் பிள்ளையைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்கின்றனர். அந்தப் பிள்ளை எந்தத் தண்டனையும் பெற்றதன்று.

நம் நாட்டிலும் சிறைக்கு மாற்று உண்டு என்பதைத் தோட்ட மக்கள் பலர் அறியாதிருக்கின்றனர். 1954 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் கட்டாய வருகைச் சட்டத்தின்படி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைக்கு உரியவரை, சிறைக்கு அனுப்பாமல், மூன்று மாதம் வரை நாள்தோறும் ஒரு நிலையத்துக்கு வந்து வேலை செய்யுமாறு மாஜிஸ்திரேட் பணிக்கலாம். அபராதம் கட்ட இயலாதவருக்கும் இது பொருந்தும். வேலை நேரம் நாளொன்றுக்கு நான்கு மணிக்கு மேற்படலாகாது. உங்கள் வீட்டு இளைஞன் மாஜிஸ்திரேட் முன் நிற்க நேர்ந்தால், அபராதத்துக்குக் கடன் வாங்கும் முன்னரே வழக்கறிஞரிடமோ சட்ட உதவி அலுவலகத்திலோ இச்சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவன் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டி, ஆலையில் அளந்து கொடுத்துவிட்டுப் பிற்பகலில் நிலையத்துக்குச் செல்ல வழியுண்டா என்பதையும் கேளுங்கள்.