பாலோயர் எண்ணிக்கை தூக்கத்தைக் கெடுக்கிறதா?

இன்ஸ்டாகிராம் மூலம் வியாபாரம் செய்திடும் இளைஞர்கள் பலருக்கு ஒரு பிரச்னை உண்டு. வைரஸ், பைல் கரப்ட் என்றெல்லாம் சந்தேகம் கேட்பவர்கள் இதனை மட்டும் கேட்பதில்லை. தன்னுடன் படித்தவர், தான் விற்கும் அதே பொருளை விற்பவர், இணையத்தில் திடீரெனப் பிரபலமாகிவிடுகிறார். அவருடைய பாலோயர் எண்ணிக்கையைப் பார்க்கும் போதெல்லாம் வயிறு எரிகிறது. இதில் கம்ப்யூட்டர் விஷயம் எங்கே வந்தது என்கிறீர்களா? அந்த எண்ணை எடுத்து நம் கண் முன்னால் நிறுத்துவது ஒரு சாப்ட்வேர்தானே. அது செயல்படும் விதம் தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும். மீதிக்கு செட்டிங்ஸ் இருக்கிறது.

நான் ஆரணிக்காரன். சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணியாற்றுகிறேன். ஊரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், தன் குடும்பத்தின் எட்டுத் தறிகளில் நெய்யப்படும் பட்டுச் சேலைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்று வருகிறார். அவருடைய வகுப்புத் தோழருக்கும் அடுத்த தெருவில் இதே தொழில். தோழரின் ரீல்ஸ் ஒன்று லட்சக் கணக்கில் ஓடியது. அன்றிலிருந்து நம் தம்பிக்கு இரவு இரண்டு மணிக்கும் தோழரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. "அண்ணா, அவன் சேலையைவிட எங்க சேலையில வேலைப்பாடு அதிகம்ணா. எனக்கு மட்டும் ஏண்ணா வர மாட்டேங்குது?" என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. நெசவாளர்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, பத்தாயிரம் பாலோயர்கள் தருவதாகச் சொன்ன பேக்கேஜ் ஒன்றை வாங்கவும் தயாராகிவிட்டார்.

முதலில் அந்த எரிச்சலைப் பார்ப்போம். சினிமா நடிகருக்குக் கோடிக் கணக்கில் பாலோயர் இருந்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த தெருக்காரருக்குப் பத்தாயிரம் என்றால் சோறு இறங்குவதில்லை. மனிதர்கள் தங்களைப் போன்றவர்களுடன்தான் தங்களை ஒப்பிட்டுக் கொள்வார்கள் என்று லியான் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954லேயே எழுதியிருக்கிறார். எனவே இது தம்பியின் கெட்ட குணம் அல்ல. ஆனால் அவர் ஒப்பிடும் கணக்கிலேயே ஒரு கோளாறு இருக்கிறது.

ஒரு பேப்பரில் ஐந்து புள்ளிகள் வைக்கவும். ஐந்தும் ஐந்து ஜவுளிக் கடைகள். நடுவில் உள்ள கடைக்கு மற்ற நான்கு கடைகளுடனும் தொடர்பு உண்டு. அந்த நான்கு கடைகளுக்கு நடுக்கடையுடன் மட்டுமே தொடர்பு. கோடுகளைப் போட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கடைக்குச் சராசரியாக 1.6 தொடர்புகள்தான். ஆனால் ஐந்தில் நான்கு கடைக்காரர்கள், "என் நண்பனுக்கு நான்கு தொடர்பு, எனக்கு ஒன்றுதான்" என்று புலம்புவார்கள். ஸ்காட் பெல்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1991ல் இதனை விளக்கிக் காட்டினார். அதிகத் தொடர்பு உள்ளவர்தான் அதிகம் பேருடைய பட்டியலில் இருப்பார். ஆகவே நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நம் நண்பர்கள் நம்மைவிடப் பிரபலமாகத்தான் தெரிவார்கள். கணக்கே அப்படி!

அடுத்து, "எங்கள் சேலை நன்றாக இருந்தும் ஏன் ஓடவில்லை" என்ற கேள்வி. இதற்கு 2006ல் சயின்ஸ் இதழில் வெளியான ஒரு சோதனையைச் சொல்லலாம். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர், இணைய தளம் ஒன்றில், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை வைத்தார்கள். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்து கொண்டார்கள். அவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களுக்கு மட்டும், ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் டவுன்லோட் செய்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். ஒரு குழுவில் முதலிடம் பிடித்த பாடல், இன்னொரு குழுவில் நாற்பதாவது இடத்தில் கிடந்தது. இரண்டும் ஒரே பாடல்தான்! தொடக்கத்தில் சிலர் தற்செயலாகத் தட்டியது, பின்னால் வந்தவர்களை இழுத்துக் கொண்டு போனது. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பதும், மிக மோசமானவை ஜெயிப்பதும் அரிதாகவே நடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரம் வேண்டும்தான். ஆனால் தரமானவற்றுள் எது மேலே போகும் என்பதைத் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை.

பாலோயர் பேக்கேஜ் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. போலி அக்கவுன்ட் சேலை வாங்காது. செயலிகள் மூலம் போலியாகச் சேர்க்கப்படும் லைக், பாலோயர்களை நீக்கப் போவதாக இன்ஸ்டாகிராம் 2018லேயே அறிவித்துவிட்டது.

தம்பியிடம் நான் கேட்டது வேறு. எட்டுத் தறியில் மாதம் எத்தனை சேலை இறங்கும்? டிசைனைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து முதல் பதினைந்து நாள் என்றார். அப்படியானால் மாதம் பதினாறிலிருந்து இருபத்து நான்கு. நாளைக்கே ரீல்ஸ் ஓடி ஐந்நூறு பேர் கேட்டால் எங்கிருந்து கொடுப்பது? வெளியில் விசைத்தறிச் சேலையை வாங்கிக் கைத்தறி என்று விற்கத் தோன்றும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெயர் அங்கேதான் கெடும். (தறியின் மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களின் பஞ்ச் கார்டுக்கு அதுதான் முன்னோடி. எத்தனை அட்டை கோத்தாலும் தறி அதன் வேகத்தில்தான் ஓடும்.) பிரபலத்தால் ஆர்டர் வராது என்று நான் சொல்லவில்லை, வரும். இவருக்குத் தேவை மாதம் இருபது பேர். இரண்டு லட்சம் பேர் அல்ல.

இனி செட்டிங்ஸ். நீங்கள் யாருடைய பக்கத்தை அடிக்கடி திறக்கிறீர்களோ, அவருடைய பதிவுகளில் உங்களுக்கு ஆர்வம் என்று சாப்ட்வேர் எடுத்துக் கொள்ளும். நீங்கள் பொறாமையில் பார்க்கிறீர்களா, பிரியத்தில் பார்க்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. எனவே மேலும் மேலும் அவரையே காட்டும். இதனை நிறுத்த, அவருடைய பக்கத்தில் பாலோயிங் என்ற பட்டனைத் தட்டி, மியூட் என்பதைத் தேர்ந்தெடுத்து, போஸ்ட்ஸ், ஸ்டோரீஸ் இரண்டையும் மியூட் செய்திடவும். அவருக்கு இது தெரிய வராது, நட்பும் கெடாது. தேடல் பட்டியலில் இருந்தும் அவர் பெயரை நீக்கிவிடுங்கள். இல்லையேல் கை தானாக அங்கே போகும். மற்றவர்களின் லைக் எண்ணிக்கையை மறைத்திடும் வசதி 2021 மே மாதம் வந்தது. பாலோயர் எண்ணிக்கையை மறைக்கத்தான் வழியில்லை.

பார்க்க வேறு எண் ஒன்று வேண்டுமே! வாட்ஸ்அப் பிசினஸில் ஷார்ட் லிங்க் என்ற வசதி உள்ளது. அதில் முன்கூட்டியே எழுதி வைக்கும் செய்தியாக, "இன்ஸ்டாகிராம் பார்த்து எழுதுகிறேன்" என அமைத்து, அந்த லிங்க்கை இன்ஸ்டாகிராமில் மட்டும் கொடுங்கள். அந்த வரியை அழிக்காமல் அனுப்புகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று உடனே தெரியும். பின் எக்ஸெல் ஷீட் ஒன்றில் தேதி, எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார், வாங்கினாரா, மீண்டும் வந்தாரா என ஐந்து காலம் போதும். தம்பியின் ஷீட்டில் வாங்கியவர்களில் பெரும்பாலோர், முன்பு வாங்கியவர்கள் சொல்லி வந்தவர்கள். அவர்கள் ரீல்ஸுக்கு லைக் போட்டதுகூட இல்லை. தீபாவளிப் பணம் நெசவாளர்களிடமே போய்ச் சேர்ந்தது. தோழரின் பக்கத்தை இப்போதும் எப்போதாவது பார்க்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

இந்த எக்ஸெல் பைலை மாதம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்து வைக்கவும். 2020 ஜூன் 29ல் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்ட போது, லட்சக் கணக்கான பாலோயர்களை வைத்திருந்தவர்களுக்கும் அந்தப் பட்டியல் உதவவில்லை. வாடிக்கையாளரின் போன் எண் உங்கள் பைலில் இருந்தால் எந்த ஆப் போனாலும் அவரை அழைக்கலாம். அந்த ஷீட்டில் போன் எண்ணுக்கு ஆறாவது காலம் ஒன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.