யாரோட உயரத்தைப் போடணும்?

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு வென்டிலேட்டர் சிமுலேஷன். நோயாளியோட உயரத்தைக் கொடுத்தா, ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தரணும்னு அது கணக்குப் போடும். ரிவ்யூவுக்கு வந்த டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நுரையீரல் மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு யாரோட உயரத்தைப் போடுவீங்க?" நாங்க முழிச்சோம். விடை தேடினப்போ புரிஞ்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

முதல்ல கணக்கு. ஆண்களுக்கு, எடை = 50 + 0.91 × (செ.மீ. உயரம் − 152.4). கிலோவுக்கு 6 மில்லி காற்று. நோயாளி 175 செ.மீ. என்றால் 423 மில்லி. ஆனா நுரையீரல் தந்தவர் 160 செ.மீ. என்றால் அவருக்கு 341 மில்லிதான். நோயாளியோட உயரத்தைப் போட்டா, சின்ன நுரையீரலுக்குள் ஒவ்வொரு மூச்சிலும் 82 மில்லி கூடுதலா திணிக்கிறோம்! அதனால தானம் தந்தவரோட உயரத்தைத்தான் எடுக்கணும்னு நிபுணர்கள் பலர் சொல்றாங்க.

அந்த 82 மில்லி ஏன் பெரிய விஷயம்? பல மணி நேரம் ரத்த ஓட்டமில்லாமல் குளிரில் இருந்த உறுப்பு அது. மறுபடி ரத்தம் பாயும்போது வீங்கலாம். முதல் 72 மணி நேரம்தான் முக்கியம். ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கிற ஆக்சிஜன் விகிதத்தால் வகுப்பாங்க. உதாரணம்: 90 ÷ 0.5 = 180. 200-க்குக் கீழே போய், எக்ஸ்-ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையா தெரிஞ்சா, அது மிகக் கடுமையான நிலை. வென்டிலேட்டர் மட்டும் போதாதபோது எக்மோ தேவைப்படலாம்.

ஆபரேஷனில் வெட்டுப்படும் இரண்டு 'வயர்'களையும் கவனிக்கணும். நிணநீர்க் குழாய்கள் வெட்டுப்படுவதால் நீர் வடிய வழியில்லை. டிரிப்ஸை அளந்துதான் ஏத்துவாங்க. ரொம்பக் குறைச்சா சிறுநீரகம் வாடும். உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நரம்பும் வெட்டுப்படுவதால், தையலுக்குக் கீழே சளி சேர்ந்தாலும் இருமல் வராது. பிசியோதெரபிஸ்ட் வந்து இருமச் சொல்லணும், தேவைப்பட்டா பிராங்கோஸ்கோப் விட்டு உறிஞ்சி எடுக்கணும். சென்சார் இல்லாத சிஸ்டத்துக்கு மனுஷங்கதான் சென்சார்.

1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி, மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்று செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அவர் உயிரைப் பறித்தது சிறுநீரகச் செயலிழப்பு. ஒரு உறுப்பை மட்டும் பார்த்து டிசைன் பண்ண முடியாதுன்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

எங்க ப்ரோக்ராம்ல இப்போ ஒரு கட்டம் கூடியிருக்கு: 'தானம் தந்தவர் உயரம்'. அதை நிரப்பாம ரன் பட்டன் வேலை செய்யாது.